என் பொட்டலத்துக்கு ஆன செலவை யார் கணக்குப் பார்ப்பது?

கேள்வி: ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியா பக்கம் வீட்டிலிருந்தே சிறு வியாபாரம் செய்கிறேன். பாசிமாலை, வளையல், கைவேலைத் தோரணம் எல்லாம் லண்டன், நியூ ஜெர்சி, மெல்பர்ன் வரை போகின்றன. வெளிநாட்டு அஞ்சல் கட்டணம் ஏறும்போதெல்லாம் ‘செலவு கூடிவிட்டது’ என்கிறார்கள். எந்தச் செலவு? அதை யார் சரிபார்த்தது? சீனாவிலிருந்து எனக்கு வரும் பாசிப் பொட்டலத்துக்கு அஞ்சல் செலவு என்று சில வெள்ளிதான் பிடிக்கிறார்கள். அதே எடையை நான் அனுப்பினால் பல மடங்கு ஆகிறது. இது போதாதென்று, போன மாதம் ஒரு கிலோகூட இல்லாத தோரணப் பெட்டியைச் சிறு பொட்டலமாக எடுக்க முடியாது என்று பார்சல் கட்டணம் போட்டுவிட்டார்கள். பெட்டி 62 சென்டிமீட்டர் நீளம், அவ்வளவுதான். நியாயமா?
— வாசகி, பினாங்கு

பதில்: தோரணப் பெட்டிக்குப் பதில் சுருக்கம், அதைக் கடைசியில் பார்ப்போம். முதல் கேள்விதான் கனமானது. பலரும் நினைப்பது போல ஒரு பொட்டலத்தின் செலவு எங்கோ ஒரு பேரேட்டில் எழுதி வைக்கப்பட்டிருப்பதில்லை. அது பங்கு பிரித்து வருகிற தொகை. எந்த அளவுகோலால் பிரித்தார்கள் என்பதில்தான் எல்லாச் சண்டையும்.

உங்கள் ஊர் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 1,200 வெள்ளிக்கு கேஸ் என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் 10,000 தட்டு விற்கிறது, அதில் 1,000 முர்தபாக் ரொட்டி. தட்டுக் கணக்கில் பிரித்தால் முர்தபாக்கின் பங்கு பத்தில் ஒன்று, 120 வெள்ளி, ஒன்றுக்கு 12 சென். ஆனால் முர்தபாக் கல் நாள் முழுக்கக் காய்ந்துகொண்டிருக்கிறது. அடுப்பு எரியும் நேரத்தில் நூற்றுக்கு நாற்பது அதற்கே போகிறது என்றால் பங்கு 480 வெள்ளி, ஒன்றுக்கு 48 சென். கேஸ் அதேதான், கடையும் அதேதான், செலவு மட்டும் நான்கு மடங்கு. இரண்டு கணக்கிலும் கூட்டல் பிழை கிடையாது.

அஞ்சலிலும் இதே கதைதான். விமானத்துக்குக் கொடுக்கும் பணம் எளிது, வெளிநாட்டு மூட்டைக்கு மட்டுமே ஆனது, நேராக அதன் தலையில் எழுதிவிடலாம். ஆனால் அஞ்சலை ஊர்வாரியாகப் பிரிக்கும் பிரிப்பு மையத்தில் உள்ளூர்க் கடிதமும் வெளிநாட்டுப் பொட்டலமும் ஒரே ஊழியரின் கையில் போகின்றனவே, அவர் சம்பளத்தை எப்படிப் பிரிப்பது? தபால்காரரின் மோட்டார் சைக்கிள் எண்ணெயை? தலைமை அலுவலக வாடகையை?

ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு ஒரு வரிசை போட்டு 1997ஆம் ஆண்டு அஞ்சல் ஆணையிலேயே (97/67, பிரிவு 14) எழுதிவிட்டது. நேராக ஒரு சேவைக்கு ஆன செலவு அந்தச் சேவைக்கே. பொதுச் செலவு என்றால், அது எங்கிருந்து முளைத்தது என்று ஆராய்ந்து பிரிக்க வேண்டும். அது முடியாவிட்டால் வேறொரு செலவோடு அதற்குள்ள தொடர்பை வைத்துப் பிரிக்க வேண்டும். அதுவும் முடியாத மிச்சத்தைத்தான் பொது விகிதத்தில் தெளிக்கலாம். இந்த வரிசைப்படி நடந்ததா என்பதை அஞ்சல் நிறுவனத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு தகுதியுள்ள அமைப்பு சரிபார்க்க வேண்டும். கடைசிப் படிக்கு எவ்வளவு தள்ளினார்கள் என்பதுதான் ஒழுங்குமுறையாளர் முதலில் தேடும் எண். சோம்பல் கணக்கெல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அமெரிக்காவைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உலகத்தில் இந்தக் கணக்கைத் திறந்த மேசையில் வைத்து வாதாடும் இடங்களில் அதுதான் தெளிவானது, உங்கள் நியூ ஜெர்சி வாடிக்கையாளரின் பொட்டலத்தையும் அது தொடுகிறது. 2006இல் வந்த சட்டப்படி அங்கே அஞ்சல் ஒழுங்குமுறை ஆணையம் தனியாக இயங்குகிறது. அஞ்சல் சேவையின் நிதியாண்டு செப்டம்பர் 30இல் முடிகிறது. 90 நாளுக்குள் ஒவ்வொரு சேவைக்கும் வரவென்ன, செலவென்ன என்ற ஆண்டறிக்கை போக வேண்டும். அடுத்த 90 நாளில் ஆணையம் தீர்மானம் எழுதும். வெளிநாட்டு அஞ்சலுக்குத் தனியே ஒரு செலவு வரவு ஆய்வு உண்டு.

பிரிப்பு மையச் சம்பளத்தை அவர்கள் பிரிக்கும் விதம் சுவையானது. ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு நிமிடம் என்று குலுக்கல் முறையில் ஓர் ஊழியரைத் தேர்ந்தெடுத்து, ‘இந்த நொடியில் உங்கள் கையில் என்ன இருக்கிறது?’ என்று பதிவு செய்கிறார்கள். கடிதமா, பத்திரிகையா, வெளிநாட்டுப் பொட்டலமா? ஆண்டு முழுக்க இப்படிச் சேரும் பதிவுகளின் விகிதத்தில் சம்பளம் பிரிகிறது. கெட்டிக்கார முறைதான். ஆனால் அரிதாக வரும் அஞ்சல் வகை பதிவில் சிக்குவதும் அரிது. பதிவு குறைந்தால் அந்தச் செலவு எண் ஆண்டுக்கு ஆண்டு ஆடும். வெளிநாட்டு அஞ்சலின் செலவு திடீரென்று தாவியதாகத் தெரிந்தால், உண்மையிலேயே செலவு தாவியதா, மாதிரி எண்ணிக்கை போதாமல் ஆடியதா என்று ஆணையம் கேட்கும். தலைவர் பெயரில் எண்ணிட்ட கேள்விப் பட்டியல்கள் போகும், அஞ்சல் சேவை தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். பொதுமக்கள் சார்பில் வாதாட ஒருவரையும் நியமிப்பார்கள்.

வரவுப் பக்கமும் அப்படி நேரானதில்லை. நாடுகளுக்கிடையே கணக்குத் தீர்ப்பது மாதக்கணக்கில் இழுக்கும். அதனால் இந்த ஆண்டுப் பேரேட்டில் போன ஆண்டுத் திருத்தமும் கலந்திருக்கும். ஆகவே வெளிநாட்டு ஆய்வு இரண்டு விதமாகத் தயாராகிறது: பேரேட்டில் ஏறிய தொகையை வைத்து ஒன்று, வந்த எண்ணிக்கையையும் எடையையும் அந்த ஆண்டு விகிதத்தால் பெருக்கி மற்றொன்று. இரண்டும் ஏன் வேறுபடுகின்றன என்று கேட்பது மேற்பார்வையில் பாதி வேலை.

எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. செலவு பிரிக்கும் முறையை அஞ்சல் சேவை தன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. ‘இந்த அளவுகோலை இப்படி மாற்ற விரும்புகிறோம், விளைவு இது’ என்று மனுப்போட வேண்டும், மற்றவர்கள் கருத்துச் சொல்ல வேண்டும், ஆணையம் ஒப்ப வேண்டும். வெளியாரும் மனுப்போடலாம். போட்டியாளரான யூபிஎஸ் என்ற தனியார் பார்சல் நிறுவனம் 2015இல் போட்டது. பார்சல் சேவைகள் உண்மையில் உண்டாக்கும் செலவில் ஒரு பகுதி அவற்றின் கணக்கில் ஏறவே இல்லை என்பது அதன் வாதம். 2016 செப்டம்பரில் ஆணையம் பாதி வழி வந்தது: ஒரு சேவையே இல்லாமல் போனால் மிச்சமாகும் செலவு முழுவதையும் அந்தச் சேவைக்கு ஏற்ற வேண்டும் என்றது, யூபிஎஸ் கேட்ட அளவுக்குப் போகவில்லை. நிறுவனம் வழக்குக்குப் போனது, 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணையத்தின் பக்கமே நின்றது.

நானும் இதில் சூடுபட்டவன். ஷா ஆலாமில் ஒரு கூரியர் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தபோது, பிரிப்புக் கூடச் செலவை எடை விகிதத்தில் பிரித்துக்கொண்டிருந்தோம். ஒரு வாரம் ஸ்டாப்வாட்ச்சோடு போய் நின்றோம். 20 கிலோ பெட்டி ஸ்கேன் ஆகி ஒரே தள்ளில் போய்விட்டது. 200 கிராம் பொட்டலத்தின் முகவரி மழையில் அழிந்து, ஒரு பெண் அதைக் கண்ணைச் சுருக்கிப் படித்து, தட்டச்சு செய்து, புது லேபிள் ஒட்டினார். அளவுகோலை நேரத்துக்கு மாற்றியதும், ஆண்டுவிருந்தில் கைதட்டு வாங்கிய சிறு பொட்டல ஒப்பந்தம் நஷ்டக் கணக்கில் போய் உட்கார்ந்தது.

இனி சீனப் பொட்டலம். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 1874 முதல் இருக்கும் உலக அஞ்சல் சங்கத்தின் விதிகள் இங்கே வருகின்றன. தொடக்கத்தில் அனுப்பும் நாடே முழுக் கட்டணத்தையும் வைத்துக்கொண்டது. போகும் கடிதத்துக்குப் பதில் கடிதம் வரும், சரியாகிவிடும் என்ற நம்பிக்கை. 1969 டோக்கியோ மாநாட்டில் அந்த நம்பிக்கையைக் கைவிட்டு, சேரும் நாட்டுக்கு வினியோகக் கூலி கொடுக்கும் முறை வந்தது, 1971இலிருந்து நடப்பில். டெர்மினல் டியூஸ் என்பது அதுதான். வளரும் நாடுகளுக்கு அந்தக் கூலியைக் குறைத்து வைத்தார்கள், சீனாவும் அந்த வரிசையில் நின்றது. கடிதக் காலத்தில் யாருக்கும் வலிக்கவில்லை. ஆன்லைன் வியாபாரம் பெருகி, கடிதக் கூலியில் லட்சோபலட்சம் பொட்டலங்கள் வரத் தொடங்கிய பிறகுதான் சேரும் நாடுகள் அலறின. வெளிநாட்டிலிருந்து வரும் கடிதவகை அஞ்சல் அதற்கான செலவைக்கூட ஈட்டவில்லை என்று அமெரிக்க ஆணையம் தன் ஆண்டுத் தீர்மானங்களில் திரும்பத் திரும்ப எழுதியது. 2018 அக்டோபரில் அமெரிக்கா சங்கத்தை விட்டே விலகுவதாக அறிவித்தது.

2019 செப்டம்பரில் ஜெனிவாவில் சிறப்பு மாநாடு கூட்டி ஒரு வழி கண்டார்கள். சிறு பொட்டலங்களுக்கு நாடுகள் தங்கள் கூலியைத் தாங்களே அறிவிக்கலாம், அமெரிக்கா 2020 ஜூலை 1 முதல், மற்ற நாடுகள் 2021 முதல். ஆனால் ஒரு வேலி உண்டு: அதே மாதிரிப் பொட்டலத்துக்கு உள்நாட்டில் வாங்கும் கட்டணத்தில் 70 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. தபால் பெட்டியிலிருந்து எடுப்பது, முதல் பிரிப்பு எல்லாம் அனுப்பும் நாட்டிலேயே முடிந்துவிடுகின்றன, கடைசிக் கட்டச் செலவு மட்டும்தான் சேரும் நாட்டுடையது, அதனால்தான் இந்தக் கழிவு. உங்கள் வியாபாரத்துக்கு இதில் ஒரு குறிப்பு இருக்கிறது. லண்டனிலோ அமெரிக்காவிலோ உள்நாட்டுக் கட்டணம் ஏறினால் அந்த வேலியும் உயரும், பிற்பாடு நம் கவுண்டரில் தெரியும். அந்த ஊர்ச் செய்தியை வாடிக்கையாளரிடமே கேட்டு வைத்துக்கொண்டால் அடுத்த ஆண்டு விலைப் பட்டியலுக்கு உதவும்.

இந்தக் கூலி இரண்டு துண்டாக வருகிறது, பொட்டலத்துக்கு இவ்வளவு, கிலோவுக்கு இவ்வளவு என்று. ஆகவே ஒரே வாடிக்கையாளருக்கு 200 கிராமில் இரண்டு பொட்டலம் அனுப்புவதும் 400 கிராமில் ஒன்று அனுப்புவதும் ஒன்றல்ல. தீபாவளிக்கு முன் ஆர்டர்களைச் சேர்த்துக் கட்டுங்கள்.

இங்கே நம் நாட்டில் நிலைமை என்ன? 2012ஆம் ஆண்டு அஞ்சல் சேவைச் சட்டத்தின் கீழ் உரிமம் கொடுப்பதும் மேற்பார்வை பார்ப்பதும் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம், நாம் எம்சிஎம்சி என்று சொல்வது. எல்லா ஊருக்கும் கடிதம் கொண்டுபோகும் கடமையுள்ள உரிமதாரர் போஸ் மலேசியா. குறை இருந்தால் முதலில் சேவை நிறுவனத்திடம் எழுதிப் புகார் எண் வாங்குங்கள். பதில் திருப்தியில்லை என்றால் அந்த எண்ணோடு எம்சிஎம்சிக்குப் போகலாம். நேராக ஆணையத்துக்குப் போனால் ‘அங்கே சொன்னீர்களா?’ என்றுதான் கேட்பார்கள். எழுதும்போது ‘கட்டணம் அநியாயம்’ என்று எழுதாதீர்கள், அதற்குப் பதிலும் பொதுவாகவே வரும். நாள், எடை, மூன்று அளவுகள், நாடு, போட்ட கட்டண வகை, ரசீது எண், இந்த வகையில் சேர்த்ததற்கு எந்த விதி என்ற கேள்வி, இவ்வளவும் இருக்கட்டும். நாடு வாரியான செலவுத் தாளை உங்கள் கையில் யாரும் கொடுக்கமாட்டார்கள். வெளிப்படையான அமெரிக்காவிலேயே அந்தப் பகுதியை வணிக ரகசியம் என்று மூடிய இணைப்பாகத்தான் தாக்கல் செய்கிறார்கள்.

சுங்கவரி இந்தக் கணக்கில் சேராது. 2025 ஆகஸ்ட் 29 முதல் 800 டாலருக்கு உட்பட்ட பொருளுக்கான வரிவிலக்கை அமெரிக்கா எல்லா நாடுகளுக்கும் எடுத்துவிட்டது. நியூ ஜெர்சிக்காரர் அதிகம் கட்டினேன் என்றால் அஞ்சலைத் திட்டுவதற்கு முன் அஞ்சல் கட்டணமா சுங்கவரியா, எதற்குக் கட்டினார் என்று பாருங்கள்.

கடைசியாகத் தோரணப் பெட்டி. கவுண்டரில் இருந்தவர் செய்தது சரி. சிறு பொட்டலம் 2 கிலோ வரைதான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அளவுக்கும் எல்லை உண்டு: நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டி 90 சென்டிமீட்டர், எந்தப் பக்கமும் 60ஐத் தாண்டக்கூடாது. உங்கள் பெட்டி 2 சென்டிமீட்டரில் தோற்றது. ஆனால் அதே சங்க விதியில் சுருளுக்குத் தனி அளவு இருக்கிறது. நீளத்தோடு விட்டத்தை இருமடங்காகக் கூட்டி 104 சென்டிமீட்டர், நீளம் மட்டும் 90 வரை. தோரணத்தைச் சுருட்டி 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள அட்டைக் குழாயில் போட்டால் 75 சென்டிமீட்டர் நீளம்கூடத் தாராளமாக உள்ளே வரும், 75ம் 20ம் 95தானே. துணிக்கடையில் ரவிக்கைத் துணி சுற்றி வரும் குழாயைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் குழாயை மூடி ஒட்டுவதற்கு முன் கவுண்டரில் காட்டி, சுருள் அளவில் எடுப்பார்களா என்று கேட்டுவிடுங்கள்.