அடுப்படிக் கேள்வி-பதில்: நமத்துப் போன க்ரீம் பை

கேள்வி: மகளின் பிறந்த நாளுக்காக, பழமும் சாக்லெட்டும் சேர்த்த க்ரீம் பையை வீட்டிலேயே செய்தேன். எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது என்பதால், பிஸ்கட்டைப் பொடித்து வெண்ணெய் கலந்து தட்டில் அழுத்தி, அதன்மேல் அடித்த க்ரீமையும் அன்னாசித் துண்டுகளையும் வைத்து, கடைசியாக உருக்கிய சாக்லெட்டை ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். மறுநாள் மாலை வெட்டினால் அடிப்பகுதி கூழாகியிருந்தது, க்ரீம் வழிந்தது, அன்னாசியைச் சுற்றி ஒரே கசப்பு. எங்கே தவறினேன்?
ஒரு வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: ஓவன் இல்லாததைப் பற்றிக் கவலை வேண்டாம்; இந்த வகைப் பைக்கு (கடைக்கு எடுத்துச் செல்லும் பை அன்று) அது தேவையே இல்லை. சாக்லெட் முழுவதையும் மேலே ஊற்றியதுதான் உங்கள் முதல் பிழை. தேநீரில் நனைத்த மேரி பிஸ்கட் எத்தனை நொடியில் முறிந்து கோப்பைக்குள் விழும் என்பது நமக்கெல்லாம் தெரியும். அதே பிஸ்கட் ஓர் இரவும் பகலும் ஈரக் க்ரீமுக்கு அடியில் கிடந்தால் கூழாகாமல் என்ன செய்யும்? சாக்லெட் என்பது கொழுப்பில் தோய்ந்த கோகோவும் சர்க்கரையும்தான். அது இறுகிவிட்டால் தண்ணீர் எளிதில் ஊடுருவாது என்பதால், அலங்காரத்துக்கு முன்பாக அதற்குக் காவல் வேலையைக் கொடுக்க வேண்டும்.

200 கிராம் மேரி பிஸ்கட்டுக்கு 100 கிராம் உருக்கிய வெண்ணெய் போதும். கையில் பிடித்தால் பிடிகொழுக்கட்டைபோல நிற்கும் பதத்தில் கலந்து, விளிம்பு உயர்ந்த எவர்சில்வர் தட்டில் டம்ளரின் அடிப்பாகத்தால் அழுத்தி, அரை மணி நேரம் குளிரவிடுங்கள். பிறகு 75 கிராம் சாக்லெட்டை உருக்கி, கரண்டியின் முதுகால் மெல்லியதாக எங்கும் பூசுங்கள். மொட்டை மாடி ஒழுகும் வீட்டில் குடியிருந்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை: தளமும் சுவரும் சேரும் மூலையில்தான் தண்ணீர் வழி கண்டுபிடிக்கும். ஆகவே தட்டின் அடியும் விளிம்பும் சேரும் இடத்தில் இன்னொரு முறை பூசுவது நல்லது. குளிர்ந்தபின் நகத்தால் தட்டினால் ‘டக்’கென்று ஒலிக்க வேண்டும், அதுவரை மேலே எதையும் வைக்காதீர்கள்.

க்ரீம் வழிந்ததற்குக் காரணம் பெரும்பாலும் நீங்கள் வாங்கிய பெட்டியாகத்தான் இருக்கும். ‘ஃப்ரெஷ் க்ரீம்’ என்று நம் கடைகளில் கிடைக்கும் சிறிய அட்டைப் பெட்டியில் வழக்கமாக 25 சதவீதம் அளவே கொழுப்பு உண்டு. அடித்து நிற்கவைக்கக் குறைந்தது 30 சதவீதமாவது வேண்டும், 35 இருந்தால் நிம்மதி. எவ்வளவு கைவலிக்க அடித்தாலும் அந்தப் பெட்டி உங்களுக்கு இணங்காது. அதற்காக அதை ஒதுக்கிவிடவும் வேண்டாம்: 50 மில்லி க்ரீமைச் சூடாக்கி 100 கிராம் சாக்லெட்டில் ஊற்றிக் கலந்தால், பையின் மேலே ஊற்றுவதற்கு அருமையான பளபளப்பான கலவை கிடைக்கும். தாவரக் கொழுப்பில் செய்த விப்பிங் க்ரீம் நம் ஊர்ச் சூட்டைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் அது மேலண்ணத்தில் மெழுகுபோல ஒட்டிக்கொள்வதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

என்னைக் கேட்டால், மே மாதத்து வண்ணாரப்பேட்டைச் சமையலறையில் அடித்த க்ரீமை நம்புவதைவிட, பாலைக் காய்ச்சிக் கெட்டியாக்குவதே பாதுகாப்பு. அரை லிட்டர் பாலில் 40 கிராம் சோள மாவையும் 80 கிராம் சர்க்கரையையும் கட்டியில்லாமல் கரைத்து, கொப்புளம் ‘பொளக் பொளக்’ என்று வெடிக்கும்வரை கிளறியபின், மேலும் ஒரு நிமிடம் அடுப்பிலேயே வைத்துக் கிளறி இறக்குங்கள். முட்டை மஞ்சள் கரு சேர்ப்பவர்களுக்கு இந்தக் கொதி மிகவும் அவசியம், ஏனெனில் மாவுச்சத்தைச் சிதைக்கும் நொதி ஒன்று மஞ்சள் கருவில் இருக்கிறது. அரைகுறையாகச் சூடாக்கினால் அது பிழைத்திருந்து, இரவில் கெட்டியாக இருந்ததை மறுநாள் தண்ணீராக்கிவிடும். கலவை நன்றாக ஆறிய பிறகே தட்டில் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் அடியில் பூசிய சாக்லெட் உருகிவிடும். சாக்லெட்டில் உள்ள கொழுப்பான கோகோ வெண்ணெய் உருக 34 டிகிரி செல்சியஸ் வெப்பமே போதும்.

கசப்புக்குக் காரணம் அன்னாசியின் புரோமெலைன் என்ற நொதி. அது புரதத்தை அறுப்பதால், பச்சை அன்னாசி பாலோடும் க்ரீமோடும் சிறிது நேரம் சேர்ந்திருந்தாலே கசப்பு தலைகாட்டும். ஜெலட்டினையும் அது விட்டுவைக்காது: விருந்தாளிகள் வந்து அமர்ந்தபிறகு, இறுகியிருக்கும் என்று நம்பித் திறந்த என் அன்னாசி ஜெல்லியை டம்ளரில் ஊற்றிக் கொடுக்க நேர்ந்த அனுபவம் எனக்கு உண்டு. துண்டுகளை ஒரு கரண்டி சர்க்கரையுடன் சாறு சுண்டும்வரை வேகவைத்து ஆறவிட்டால் நொதி செயலிழந்துவிடும், ஈரமும் குறையும். டப்பாவில் வருவது ஏற்கெனவே சூடுபட்டது என்பதால் வடிகட்டினால் போதும். பச்சைப் பப்பாளி, கிவி ஆகியவற்றுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

குளிர்சாதனப் பெட்டியில் நான்கு மணி நேரம் இருந்தால் பை வெட்டும் பதத்துக்கு வந்துவிடும். காலையில் செய்து மாலையில் வெட்டுங்கள்.

கேள்வி: பங்கனப்பள்ளி மாம்பழம் வைத்துச் செய்யலாமா? சர்க்கரை தூவி வைக்கலாமா?
ஒரு வாசகர், திருவொற்றியூர்

பதில்: தாராளமாகச் செய்யலாம், ஆனால் சர்க்கரை மட்டும் வேண்டாம், அது பழத்தின் சாற்றை வெளியே இழுத்துவிடும். சற்றுக் கெட்டியான பழமாகப் பார்த்து நறுக்கி, சுத்தமான வெள்ளைத் துணியில் ஒற்றியெடுத்து, பரிமாறுவதற்குச் சற்று முன்பு அடுக்குங்கள்.

கேள்வி: சாக்லெட்டை உருக்கும்போது திடீரென்று மணல்போலத் திரிந்துவிட்டது. வீணா?
ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: கிண்ணத்தில் ஈரமோ ஆவியோ பட்டிருக்கும். ஒரு சொட்டு நீரே சாக்லெட்டைத் திரித்துவிடும், ஆனால் நிறையத் திரவம் அதை மீட்கும். சூடான பாலைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்துக் கலக்கினால் மீண்டும் வழவழப்பாகும். இனி அதை அடியில் பூச முடியாது, மேலே ஊற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாஸ்டன் க்ரீம் பை என்பதும் இதுதானா?
ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: பெயரில் மட்டுமே பை, உண்மையில் அது கேக். இரண்டு ஸ்பாஞ்ச் கேக்குகளுக்கு நடுவே கஸ்டர்டும், மேலே சாக்லெட் பூச்சும் இருக்கும். மாசசூசெட்ஸ் மாநிலம் 1996-இல் அதைத் தன் அதிகாரபூர்வ இனிப்பாகவே அறிவித்தது. அதற்கு மட்டும் ஓவனோ, மணல் பரப்பிய குக்கரோ உங்களுக்குத் தேவைப்படும்.