சிவப்பு மை வேண்டாம்

கேள்வி: எங்கள் ஊர் எழுத்தறிவு மையத்தில் மாலையில் பாடம் சொல்லித் தருகிறேன். என் வயது 24. தொடக்கத்தில் 18 பெண்கள் வந்தார்கள். இப்போது 10 பேர்தான். எல்லோரும் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள். தப்பைத் திருத்தினால் மறுநாள் வருவதில்லை. திருத்தாமல் விட்டால் எப்படிக் கற்பார்கள்?

பதில்: அவர்களில் நாற்பதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர்? வெள்ளெழுத்து இருக்கிறதா என்று பார்த்தீர்களா? ஊசியில் நூல் கோக்கப் பேத்தியைக் கூப்பிடுகிற அம்மாவிடம் புத்தகத்தை நீட்டிவிட்டு, எழுத்து பிடிபடவில்லையே என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். தனக்குப் படிப்பு ஏறாது என்று அவரும் நின்றுவிடுகிறார். கண்ணாடி போட்டால் தீர்ந்துபோகிற சங்கதி. முதல் வேலையாக எல்லோரையும் அரசு மருத்துவமனைக்குக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

அடுத்தது திருத்துவது. அவர்களுக்கு உங்கள் வயதில் பிள்ளைகள் இருக்கும். சீட்டுக் கணக்கை மனத்திலேயே வைத்திருப்பவர்கள். தப்பு என்று சொன்னதுகூடப் பெரிதில்லை. பக்கத்து வீட்டுக்காரி எதிரே சொன்னதுதான் சுடுகிறது. அருகில் உட்கார்ந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொல்லுங்கள். சிவப்பு மையைத் தொடவே வேண்டாம். அந்த நோட்டு வீட்டுக்குப் போகிறது, பேரன் பார்க்கிறான்.

ஒரு நாளைக்கு ஒரு தப்பு போதும். தன் பெயரை 'முத்துலெச்சுமி' என்று எழுதினால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். வாயில் வருகிற ஒலியை எழுத்தாக்க அவருக்குத் தெரிந்துவிட்டது. அதைத்தான் அவரிடம் சொல்ல வேண்டும். 'ட்சு' நாளைக்கு வரட்டும். பாராட்டும்போதும் கவனம். சின்னப் பிள்ளையைக் கொஞ்சுவதுபோல 'வெரி குட்' என்றால் அவருக்குக் கூச்சம்தான் மிஞ்சும். "போன வாரம் 'ண'வில் ஒரு சுழி குறைந்தது, இன்று மூன்றும் இருக்கின்றன" என்று சொல்லிப் பாருங்கள்.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக் கொடுத்தது. கல்குவாரிப் பெண்கள்கூட ஓட்டினார்கள். எழுத்து தானாக இனிக்கும் என்று இயக்கத்தினர் காத்திருக்கவில்லை. உங்கள் மாணவிகளுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். கூலி ஏறிவிட்டதா என்று பாஸ்புக்கில் தானே பார்க்க ஒருவர் விரும்பலாம். அவருக்குப் பாஸ்புக்தான் பாடப்புத்தகம்.

நின்றுபோன எட்டுப் பேரின் வீட்டுக்கும் நீங்களே போங்கள். ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். எல்லோர் எதிரிலும் திருத்தியது என் தவறு என்று சொல்லுங்கள். மழை நாளாகப் பார்த்துப் போனால் வேலை இருக்காது, உட்கார்ந்து பேசுவார்கள்.