பட்டறைப் பக்கம்: பழைய காருக்கு எவ்வளவு கூலி?

இம்முறை வந்த கடிதங்களில் பாதி, கூலியைப் பற்றியவை. கார் வைத்திருப்பவரும் கேட்கிறார், ஸ்பேனர் பிடிப்பவரும் கேட்கிறார். இரு தரப்புக்கும் சேர்த்தே பதில் சொல்கிறோம்.

சிங்கப்பூர், காக்கி புக்கிட்டில் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். கைவேலை எல்லாம் நான் ஒருவனே. பழைய மினி, எம்.ஜி., டட்சன் போன்ற கார்கள்தான் வருகின்றன. அக்கம்பக்கத்தில் மணிக்கு 75 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாங்குகிறார்கள். நானும் அதையே வாங்குகிறேன். வேலை ஓயவில்லை, ஆனால் கையில் காசு நிற்கவில்லை. எங்கே தவறு?
– பட்டறை உரிமையாளர், காக்கி புக்கிட்

பக்கத்துப் பட்டறையின் கூலியை உங்கள் கூலியாக எடுத்துக்கொண்டதுதான் தவறு. அவர் புதிய கார்களுக்கு ஆயில் மாற்றி, பிரேக் பேட் போட்டு அனுப்புகிறவர் என்றால், அவருடைய நாளில் முக்கால்வாசி நேரம் பில்லில் ஏறிவிடும். உங்களுக்கு அப்படி இல்லை. ஒரு ரப்பர் புஷ்ஷுக்காக இங்கிலாந்துக் கடையோடு அரை மணி நேரம் மின்னஞ்சல், வந்த பொருள் பொருந்தாமல் திருப்பி அனுப்புவது, சும்மா பார்க்க வந்தவரோடு பேச்சு என்று பாதி நாள் போய்விடுகிறது. அந்த நேரத்துக்கு யாரும் பணம் தருவதில்லை. ஆனால் வாடகை அந்த நேரத்திலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு தாளை எடுத்து உங்கள் சொந்த எண்களை எழுதுங்கள். மாதிரிக்கு ஒரு கணக்கு: வாடகை மாதம் 3,000 வெள்ளி, ஆண்டுக்கு 36,000. கம்பெனியிலிருந்து உங்களுக்கு நீங்களே எடுக்கும் சம்பளம் மாதம் 3,800, ஆண்டுக்கு 45,600. அதன்மேல் முதலாளி செலுத்தும் மத்திய சேமநிதி 17 விழுக்காடு, 7,752. மின்சாரம், தண்ணீர், தொலைபேசி 4,800. கருவிகள், கிரீஸ், துணி, ஸ்ப்ரே 6,000. காப்புறுதி 2,400. கணக்கர் 2,400. கழிவு ஆயிலை எடுத்துப் போக 1,200. கூட்டினால் 106,152 வெள்ளி.

இனி நேரம். வாரம் 44 மணி என்றால் ஆண்டுக்கு 2,288. பொது விடுமுறை 11 நாள், விடுப்பு 10 நாள், உடல்நலக் குறைவுக்கு 5 நாள், ஆக 26 நாளைக் கழித்தால் 2,080 மணி மிஞ்சும். பலர் இங்கேயே நின்று 106,152ஐ 2,080ஆல் வகுத்து, 'மணிக்கு 51 வெள்ளிதானே செலவு, 75 வாங்கினால் நல்ல லாபம்' என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். பழைய கார் மட்டும் பார்க்கும் ஒற்றை ஆள் பட்டறையில் பில்லாகும் நேரம் 55 விழுக்காட்டைத் தாண்டினால் பெரிது. அதாவது 1,144 மணி. இப்போது வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 93 வெள்ளி. 75 வாங்கினால் ஆண்டுக்கு 20,000 வெள்ளிக்கு மேல் துண்டு விழும். தேய்ந்த கருவியை மாற்றவும், செய்த வேலையில் குறை வந்தால் இலவசமாகச் சரிசெய்யவும் 12 விழுக்காடு சேர்த்தால் 104. இந்த எண்களுக்கு உங்கள் நியாயமான கூலி அதுதான். வாய்கூசாமல் சொல்லுங்கள்.

55 என்பது உங்களுக்கு 45ஆக இருக்கலாம், 65ஆகவும் இருக்கலாம். ஒரு மாதம் நோட்டில் குறித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கூலியை ஏற்றுவதற்கு முன் அந்த விழுக்காட்டை ஏற்ற முடியுமா என்று பாருங்கள். பாகம் தேடும் வேலையை வாரத்தில் ஒரே காலையில் ஒதுக்கி முடிப்பதே பெரிய வித்தியாசத்தைத் தரும்.

இன்னொன்று: ஆண்டு விற்றுமுதல் பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டாத பட்டறை பொருள் சேவை வரிக்குப் பதிய வேண்டிய கட்டாயம் இல்லை. பதியாதவர் பில்லில் 9 விழுக்காடு சேர்க்கக் கூடாது. 'எல்லாரும் போடுகிறார்கள்' என்று போட்டுவிடாதீர்கள்.

என் மாரிஸ் மைனருக்கு பிரேக் மாஸ்டர் சிலிண்டர் மாற்றக் கொடுத்தேன். 'ரெண்டு மணி நேர வேலை, மணிக்கு 90' என்றார்கள். பில் ஏழரை மணி நேரத்துக்கு, 675 வெள்ளி. இடையில் ஒரு அழைப்புகூட இல்லை. ஏமாற்றுகிறார்களா?
– வாசகர், ஈசூன்

வேலை செய்த நேரம் பொய்யாக இருக்காது. முதலில் சொன்ன இரண்டு மணிதான் தவறு.

பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். மினியில் அது எஞ்சின் அறைச் சுவரில் நிமிர்ந்து நிற்கும். இரண்டு நட்டு, ஒரு குழாய், ஒரு பின், கழற்றிவிடலாம். மைனரில் அது ஓட்டுநரின் காலடித் தரைக்குக் கீழே, சேசிஸ் கட்டைக்குள் படுத்திருக்கிறது. பிடித்திருப்பவை நீளமான இரண்டு போல்ட்டுகள். நட்டைக் கழற்றினாலும் போல்ட்டை உருவ முடியாது, பக்கத்தில் ஓடும் டார்ஷன் பார் குறுக்கே நிற்கும். அந்தப் பார்தான் முன்சக்கரத்தின் ஸ்பிரிங். காரின் எடை முறுக்காக அதில் ஏறியிருக்கும். முறுக்கைப் பக்குவமாக இறக்கி, பாரை நகர்த்தி, போல்ட்டை உருவி, எல்லாம் முடிந்த பிறகு காரின் முன்பக்க உயரத்தைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும். மைனரைத் தெரிந்தவர்கள் திரும்பப் பூட்டும்போது போல்ட்டுகளை எதிர்ப்பக்கத்திலிருந்து செருகிவிடுவார்கள், அடுத்த முறை பாரைத் தொடாமலே கழற்றலாம். உங்கள் பட்டறை அப்படிச் செய்ததா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். செய்திருந்தால் அது உங்களுக்கு லாபம்.

நீங்கள் அனுப்பிய பில்லைப் பிரித்தால் இப்படி வருகிறது: சிலிண்டரை மாற்றி, பிரேக் குழாய்களிலிருந்து காற்றை வெளியேற்ற 2 மணி, போல்ட்டும் டார்ஷன் பாரும் 3.5, உயரம் சரிசெய்ய 1, நட்டு மழுங்கிப்போன குழாயை வெட்டிப் புதுக்குழாயின் முனையை விரித்துப் பொருத்த (ஃபிளேர் போட) 1. கடைசி ஒரு மணி நேரம் துருவால் வந்தது, திறக்காமல் யாருக்கும் தெரியாது. அதை நீங்கள் கொடுப்பதே முறை. நடுவிலுள்ள நாலரை மணி அந்த மாடலுக்கே உரிய வேலை. மைனரை ஏற்றுக்கொள்பவர் அதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும், தெரியாவிட்டால் கையேட்டைப் பார்த்துவிட்டு விலை சொல்லியிருக்க வேண்டும். சரியாகச் சொல்லியிருந்தால் நீங்கள் கொடுத்திருக்க வேண்டிய பணம் அது. ஆனால் சொல்லாமல் செய்தது அவர்கள் குற்றம். ஆகவே அதில் பாதி, 2.25 மணி. மொத்தம் 5.25 மணி, 472 வெள்ளி 50 காசு. இந்தத் தொகையைக் கணக்கோடு எழுதிக் கொடுத்துப் பேசிப் பாருங்கள். பெரும்பாலும் முடிந்துவிடும்.

முடியாவிட்டால், சிங்கப்பூரின் பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டம் உங்கள் பக்கம். சொன்ன மதிப்பீட்டைவிடக் கணிசமாகக் கூடுதல் தொகையை, வாடிக்கையாளரின் வெளிப்படையான முன்சம்மதம் இல்லாமல் வாங்குவதை அது நியாயமற்ற நடைமுறைகளின் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது. சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை எடுத்துக்கொள்ளும், இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. புது மாஸ்டர் சிலிண்டர் முழு அழுத்தம் கொடுக்கத் தொடங்கியதும், அதுவரை தாக்குப்பிடித்த பழைய வீல் சிலிண்டர்கள் (சக்கரத்தில் பிரேக்கை அழுத்துபவை) கசியலாம். மைனரில் அவை ஆறு: முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு, பின்னால் ஒவ்வொன்று. அடுத்த மாதம் ஒன்று ஒழுகினால் பட்டறைமீது பாயாதீர்கள். பட்டறைக்காரர்களும் இதைக் காரை எடுக்கும்போதே சொல்லி, வேலைச் சீட்டில் எழுதி, ஆறையும் சேர்த்து ஒரு விலை கொடுத்துவிடுவது நல்லது.

எம்.ஜி.பி. ஒன்றில் இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர் சரிசெய்தேன். இந்த வகையில் எனக்கு இதுவே முதல் முறை. 11 மணி நேரம் ஆனது. அத்தனைக்கும் பில் போடலாமா?
– மெக்கானிக், சின் மிங்

போடக் கூடாது. பழகிய கைக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அதற்குத்தான் வாடிக்கையாளர் பணம் கொடுக்க வேண்டும். மீதி நீங்கள் கட்டும் படிப்புச் செலவு. பழகியவருக்கு இரண்டையும் கழற்றிச் சுத்தம் செய்து, ஜெட், ஊசி, கேஸ்கெட் மாற்றி, பூட்டிச் சமன்செய்ய ஐந்து மணி நேரம் தாராளம். திராட்டில் ஸ்பிண்டில் (காற்று வழியைத் திறந்து மூடும் தகட்டின் தண்டு) தேய்ந்து புதுப் புஷ் போட வேண்டியிருந்தால் அந்த வேலை தனி. 11 மணியையும் உங்கள் நோட்டில் குறித்து வையுங்கள், வாடிக்கையாளரிடம் 5 மணி நேரத்துக்கு வாங்குங்கள். மூன்றாவது கார் வரும்போது நீங்களும் ஐந்தரை மணி நேரத்தில் முடித்துவிடுவீர்கள்.

அந்த 11 மணியில் எத்தனை மணி கார்புரேட்டருக்கே சம்பந்தமில்லாமல் போனது என்றும் பாருங்கள். 'கார்புரேட்டர் கெட்டுவிட்டது' என்று வரும் பழைய கார்களில் நிறைய இக்னிஷன் கோளாறுதான். வரிசை இது: கம்ப்ரஷன், டேப்பட் (வால்வு) இடைவெளி (எம்.ஜி.பி.க்கு எஞ்சின் குளிர்ந்த நிலையில் 0.38 மி.மீ.), காண்டாக்ட் பாயிண்ட் இடைவெளி (லூகாஸ் 25டி டிஸ்ட்ரிபியூட்டருக்கு 0.35 முதல் 0.40 மி.மீ.), டைமிங். இவை சரியென்று தெரிந்த பிறகுதான் கார்புரேட்டரில் கை வைக்க வேண்டும். ஐட்லிங்கில் ஸ்பிண்டிலின் இரு முனைகளிலும் கிளீனர் ஸ்ப்ரேயைச் சிறிதாக அடியுங்கள், எஞ்சின் வேகம் மாறினால் அங்கே காற்று இழுக்கிறது. சூடான எக்ஸாஸ்ட் கார்புரேட்டருக்கு நேர்கீழே இருக்கிறது, தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இந்தச் சோதனைக்குத் தனிக் கட்டணம் வையுங்கள்: இரண்டு மணி, நிலையான விலை, முடிவை எழுத்தில் கொடுப்பது. கோளாறைக் கண்டுபிடிப்பதே வேலையில் பாதி. அதை இலவசமாகக் கொடுத்துவிட்டு, பின்னால் அந்த நேரத்தைப் பூட்டுக்கூலியில் ஒளித்து வைப்பதால்தான் பில்மீது சந்தேகம் வருகிறது.

வொர்க் பெர்மிட்டில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறேன். வாடிக்கையாளர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுக்கு வந்து பழைய டட்சனைப் பார்க்கச் சொல்கிறார். நாளுக்கு எவ்வளவு கேட்கலாம்?
– வாசகர், துவாஸ்

தம்பி, ஒரு வெள்ளிகூடக் கேட்காதீர்கள், போகவும் போகாதீர்கள். உங்கள் பெர்மிட்டில் உள்ள முதலாளிக்கு மட்டுமே நீங்கள் வேலை செய்யலாம். வெளியே கூலிக்கு வேலை செய்வது குற்றம். பெர்மிட் போய்விடும், திரும்ப வரவும் முடியாமல் போகலாம். கூப்பிட்டவர்மீதும் வழக்கு வரும், அதை அவரிடம் சொல்லிவிடுங்கள். காரை உங்கள் பட்டறைக்கே கொண்டுவரச் சொல்லி, அந்த வேலைக்கு ஊக்கத்தொகை தரும்படி முதலாளியிடம் கேளுங்கள். அது முறையான வழி.

என் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் துரு அதிகம். தரையும் பக்கக் கட்டைகளும் மாற்ற மொத்தமாக 18,000 வெள்ளி, பாதி முன்பணம் என்கிறார்கள். நியாயமா?
– வாசகி, புக்கிட் பாத்தோக்

தொகையைவிட அதைச் சொன்ன விதம்தான் எங்களுக்குக் கவலை தருகிறது. துருவுக்கு, திறந்து பார்க்காமல் மொத்த விலை சொல்பவர் ஒன்று பயத்தில் கூட்டிச் சொல்கிறார், அல்லது குறைத்துச் சொல்லிவிட்டுப் பாதியில் நிறுத்துவார். பீட்டிலில் பின் இருக்கையின் கீழே, பேட்டரி உட்காரும் இடத்தில் ஆசிட் பட்டுத் தரை ஓட்டையாகியிருக்கும், அது கண்ணுக்குத் தெரியும். கதவுக்குக் கீழே ஓடும் ஹீட்டர் சேனல் வெளியே பெயிண்ட்டோடு நன்றாகவே இருக்கும், உள்ளே மாவாகியிருக்கும்.

வேலையைக் கட்டம் கட்டமாகக் கேளுங்கள். முதல் கட்டம் ஆய்வு மட்டும்: இருக்கை, கம்பளம் எடுத்து, ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்து, துருப்பிடித்த ஒவ்வொரு இடத்தையும் படமெடுத்துப் பட்டியல் தருவது. 10 முதல் 12 மணி நேர வேலைக்கு நிலையான விலை. அந்தப் பட்டியலோடு நீங்கள் வேறு பட்டறைக்கும் போகலாம், அதுவும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். அடுத்த கட்டங்கள் மணிக்கூலியில், ஒவ்வொன்றுக்கும் உச்சவரம்போடு. 20 மணி முடிந்ததும் நிறுத்தி, படம் அனுப்பி, உங்கள் சம்மதம் வந்த பிறகே தொடர வேண்டும். பில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. முன்பணம் பாகங்களுக்கு மட்டும், ரசீதோடு.

எல்லாரிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: 'சேனலை வெட்டுவதற்கு முன் கதவு இடைவெளியில் குறுக்குக் குழாய் கட்டுவீர்களா?' பீட்டிலின் உடலை நிமிர்த்தி வைத்திருப்பதே அந்தச் சேனல்தான். முட்டுக் கொடுக்காமல் வெட்டினால் உடல் வளைந்து, பிறகு எந்தக் கதவும் ஒழுங்காக மூடாது. இரு பக்கமும் முட்டுக் கட்டவும் அளவெடுக்கவும் ஒரு முழு நாள் போகும். மலிவான விலையில் காணாமல் போவது பெரும்பாலும் அந்த நாள்தான்.

வாடிக்கையாளரே பாகங்களை வாங்கி வந்து 'பூட்டிக் கொடு' என்கிறார். கூலி மட்டும் வாங்கினால் எனக்குக் கட்டுப்படியாகவில்லை.
– பட்டறை உரிமையாளர், அங் மோ கியோ

நீங்கள் வாங்கித் தரும் பாகத்தின் விலைக்கு மேல் 15 முதல் 25 விழுக்காடு வைப்பது நியாயம். தேடியதற்கும், தவறாக வந்தால் மாற்றுவதற்கும், கெட்டால் பொறுப்பேற்பதற்கும் அது. அவர் கொண்டுவந்தால் அந்தப் பொறுப்பு அவருடையது. அதை வேலைச் சீட்டில் ஒரே வரியில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: 'வாடிக்கையாளர் தந்த பாகம் பழுதானால் கழற்றிப் பூட்டும் கூலி மறுபடியும் உண்டு.' இப்போது வரும் நகல் இக்னிஷன் கண்டென்சரும் ரோட்டாரும் பெட்டியைத் திறந்த வாரமே செத்துப்போவது சகஜம். பழைய பாகம் ஓடிக்கொண்டிருந்தால் அதை ஒரு பையில் போட்டு, டாஷ்போர்டுப் பெட்டியில் வைத்து அனுப்புங்கள்.