சிடி4 எதிர்ப்பொருள் ஒட்டிய செல்கள் எல்லாம் உதவி டி செல்கள்தானா?

இல்லை. உதவி டி செல்கள் என்பவை பிற நோயெதிர்ப்பு செல்களைத் தூண்டும் வெள்ளணுக்கள்; அவற்றை அடையாளம் காண, மேற்பரப்பிலுள்ள சிடி4 என்னும் புரதத்தில் ஒட்டும் எதிர்ப்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் மனித இரத்தத்திலுள்ள மோனோசைட்டுகள் என்னும் வேறு வகை வெள்ளணுக்களும் சிடி4 புரதத்தைக் குறைந்த அளவில் மேற்பரப்பில் தாங்கியிருப்பதால், அந்த ஓர் எதிர்ப்பொருளை மட்டும் நம்பி எண்ணினால் அவையும் கணக்கில் சேர்ந்துவிடக்கூடும். ஆகவே, செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் ஓடவிட்டு அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில், வெவ்வேறு ஒளிர்நிறமிகள் பிணைக்கப்பட்ட எதிர்ப்பொருள்களை ஒருசேரப் பயன்படுத்தி, முதலில் சிடி3 உள்ள டி செல்களைப் பிரித்து, பின்னர் அவற்றுக்குள் சிடி4, சிடி8 வகைகளைப் பார்க்கிறார்கள். பி செல்களுக்கு சிடி19, மோனோசைட்டுகளுக்கு சிடி14 என அடையாளப் புரதங்களைக் கொள்வது வழக்கம்.

1975இல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகை எதிர்ப்பொருளைத் தொடர்ந்து உருவாக்கித் தரும் ஹைப்ரிடோமா முறையை வெளியிட்ட பிறகு, புதிய எதிர்ப்பொருள்கள் பெருகி, ஒரே புரதத்துக்கு ஆய்வகங்கள் ஆளுக்கொரு பெயர் சூட்டின. அந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1982இல் பாரிஸில் நடந்த பன்னாட்டுப் பட்டறையிலிருந்து வந்ததே சிடி எண்முறை. ஆயினும், எண் ஒன்றாக இருப்பதால் எதிர்ப்பொருள்களும் ஒன்றாகிவிடுவதில்லை. ஓகேடி4, எஸ்கே3 என்னும் குளோன்கள் (ஒவ்வொன்றும் ஒரே செல்வழியிலிருந்து வரும் எதிர்ப்பொருள்) இரண்டும் சிடி4ஐயே பிடித்தாலும், அதன் வெவ்வேறு பகுதிகளில் ஒட்டுகின்றன. மரபுவழி மாற்றத்தால் ஓகேடி4 ஒட்டும் பகுதி சிலருக்கு உருமாறியிருக்கும். அவர்களுடைய உதவி டி செல்கள் இருந்தும் அந்தக் குளோனுக்குப் புலப்படா. குளோன் பெயரைச் சொல்லாத செய்முறைக் குறிப்பு என் பார்வையில் பாதிக் குறிப்புதான்.

நோயெதிர்ப்பு எல்லை மீறாமல் அடக்கிவைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களில் சிக்கல் இன்னும் கூடுதல். அவற்றின் முக்கிய அடையாளமான ஃபாக்ஸ்பி3 என்னும் புரதம் செல்லின் உட்கருவில் இருப்பதால், செல்லை நிலைப்படுத்திச் சவ்வைத் துளையிட்ட பின்னரே சாயமேற்ற முடியும்; அதில் செல் இறந்துவிடும். உயிருடன் பிரித்தெடுக்க வேண்டுமானால், சிடி25 மிகுந்தும் சிடி127 குறைந்தும் காணப்படும் சிடி4 செல்களைத் தேர்ந்தெடுப்பதே நடைமுறை.