சபைக்கு வராமல் ஓட்டுப் போடலாமா? கேள்வி பதில்

எம்.எல்.ஏ., எம்.பி.க்கள் சபைக்குள் போடும் ஓட்டைப் பற்றி மட்டும் கேளுங்கள். நாம் பூத்தில் போடும் ஓட்டு வேறு, இது வேறு.

குமார், தண்டையார்பேட்டை: எங்கள் எம்.எல்.ஏ. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் ஆன்லைனில் ஓட்டுப் போடலாமா?

முடியாது. சபைக்கு வந்திருந்து வாக்களிப்பவர்களில் பெரும்பான்மையே முடிவு என்கிறது அரசியல் சட்டத்தின் 189ஆவது பிரிவு. 2020 செப்டம்பரில் கொரோனாவுக்காகச் சபையையே கலைவாணர் அரங்குக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். வீட்டிலிருந்து யாரையும் ஓட்டுப் போட விடவில்லை.

ரஹீம், மண்ணடி: துபாயில் இருக்கிறேன். எனக்குப் பதில் தம்பி ஓட்டுப் போடலாமா?

இது பூத் ஓட்டு. நேரில் வரவேண்டும். மேலே என்ன சொன்னேன்?

செல்வி, திருவொற்றியூர்: வெளிநாடுகளில் எப்படி சார்?

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் 2020 மே முதல் ஒருவர் 10 பேருக்காக ஓட்டுப் போடலாம் என்றிருந்தது. 2023 தொடக்கத்தில் சபை குடியரசுக் கட்சியின் கைக்கு மாறியதும் நிறுத்திவிட்டார்கள். ஸ்பெயின் கதைதான் சுவாரசியம். 2022 பிப்ரவரியில் தொழிலாளர் சட்டத் திருத்தம். உடம்பு சரியில்லாத எதிர்க்கட்சி எம்.பி. ஒருவர் வீட்டிலிருந்தே கணினியில் ஓட்டுப் போட்டார். அது தவறுதலாக ஆதரவாக விழுந்துவிட்டது. அடித்துப் பிடித்துச் சபைக்கு ஓடி வந்தார், மாற்ற விடவில்லை. திருத்தம் 175–174 என்று நிறைவேறியது.

மாலதி, கொருக்குப்பேட்டை: கவுன்சிலர் அக்காவுக்குப் பதில் அவர் வீட்டுக்காரர்தான் எல்லாம் பார்க்கிறார். மாநகராட்சி மாமன்றத்திலும் அவரே கை தூக்கலாமா?

கூடாதும்மா. சாக்கடை அடைப்புக்கு அவரைப் போய்ப் பாருங்கள். ரிப்பன் மாளிகையில் அந்த அம்மாவின் கைதான் செல்லும்.

அருள், வியாசர்பாடி: கட்சிக் கொறடா உத்தரவிடுகிறபடிதானே ஓட்டுப் போடுகிறார்கள்? நேரில் வந்து என்ன ஆகப்போகிறது?

கூவத்தூரை மறந்துவிட்டீர்களா தம்பி? 2017 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி அரசின் நம்பிக்கை வாக்கெடுப்புக்கு முன் அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்கள் அந்த ஊர் விடுதியில் இருந்தார்கள். ஆன்லைன் ஓட்டு இருந்திருந்தால் அந்த விடுதியே சட்டசபை. ஓடிபி வரும் செல்போன் யார் கையில் இருந்திருக்கும்?

அருள்: கோட்டைக்கு வந்தும் 122 பேர் அப்படியேதானே போட்டார்கள்?

போட்டார்கள். ஆனால் 11 பேர் எதிர்த்துப் போட்டதும் அதே சபையில்தான். மனம் மாற ஒரு வழியாவது இருக்கவேண்டும். ஒருவர் மாறினாலும் முடிவு மாறலாம். 1999இல் வாஜ்பாய் அரசு கவிழ்ந்தது 269–270இல், ஒரே ஓட்டு.

அருள்: ரகசிய ஓட்டு வைத்தால்?

2017இலும் கேட்டார்கள், சபாநாயகர் மறுத்துவிட்டார். எனக்கும் அதில் உடன்பாடில்லை. நம் ஆள் எந்தப் பக்கம் நின்றார் என்று தொகுதிக்குத் தெரியவேண்டாமா?

ஜான், காசிமேடு: ஜெயிலில் இருக்கும் எம்.பி.யாவது ஆன்லைனில்...

மறுபடியும் ஆன்லைனா! 2008 ஜூலையில் மன்மோகன் சிங் அரசின் நம்பிக்கை வாக்கெடுப்புக்குச் சிறையிலிருந்த எம்.பி.க்களை நேரில்தான் கூட்டி வந்தார்கள்.