கோர்ஸுக்குப் பணம் கட்டுவதற்கு முன்: பிரேக்பாயிண்ட் வைக்கத் தெரியுமா?

கேள்வி: மகன் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் பஸ்ஸில் புதுச்சேரி போய் பி.டெக். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறான். இரண்டாம் ஆண்டு. சி லேப் புரோகிராம் பாதியில் நின்றுவிட்டால் நள்ளிரவு வரை உட்கார்ந்தும் காரணம் பிடிபடுவதில்லை. தனியார் கோடிங் கோர்ஸில் சேர்க்கலாமா? இல்லை, இந்தப் படிப்பே அவனுக்கு ஒத்துவரவில்லையா?

அம்மா, படிப்பை மாற்ற வேண்டாம். கோர்ஸுக்கும் இப்போது பணம் கட்ட வேண்டாம். பாதி தூரம் ஓடிய பிறகு நிற்கிற அளவுக்குப் புரோகிராம் எழுத அவருக்கு வருகிறது. வராதது பிழையைத் தேடுவது. பல கோர்ஸ்களில் எழுதுவதைத்தான் மறுபடி முதலிலிருந்து சொல்லித் தருவார்கள். தேடுவதற்கு நேரமே ஒதுக்க மாட்டார்கள். அதற்கான கருவி ஜிடிபி: ஓடும் புரோகிராமை நடுவில் நிறுத்தி உள்ளே பார்க்க உதவுவது. நிறுத்தச் சொல்லி வைக்கும் இடம்தான் பிரேக்பாயிண்ட். 1986 முதல் இருக்கிறது, இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். இனி வருவதை மகனிடம் கொடுத்துவிடுங்கள்.

தம்பி, வரிக்கு வரி பிரிண்ட்எஃப் போட்டுத் தேடுவதை நிறுத்துங்கள். லினக்ஸில் ஜிசிசி கம்பைலர் கொண்டு கம்பைல் செய்யும்போது ‘-ஜி’, ‘-ஓ0’ இரண்டையும் சேருங்கள் (ஓ எழுத்து, அடுத்தது பூஜ்யம்). முதலாவது இல்லையென்றால் வரி எண் எதுவும் ஜிடிபிக்குத் தெரியாது. இரண்டாவதை விட்டுவிட்டு ‘-ஓ2’ (வேகத்துக்காகக் கோடை மாற்றியமைக்கும் நிலை) கொடுத்தால் ஓட்டம் முன்னும் பின்னும் தாவும். வேரியபிளைக் கேட்டால் ‘ஆப்டிமைஸ்டு அவுட்’ என்று பதில் வரும்.

ஜிடிபியில் புரோகிராமைத் திறந்து ‘பிரேக் மெயின்’ (மெயின் ஃபங்ஷனில் நிறுத்து), பிறகு ‘ரன்’ (ஓட்டு). குறிப்பிட்ட வரியில் நிறுத்த ‘பிரேக் மார்க்.சி:42’ (மார்க்.சி என்பது உங்கள் ஃபைலின் பெயர்). நிற்பது 42ஆம் வரி ஓடுவதற்கு முன்னால் என்பதை மறக்காதீர்கள். அந்த வரியில் மதிப்பு பெறும் வேரியபிளை அங்கேயே ‘பிரிண்ட்’ செய்தால் பழைய மதிப்போ குப்பையோதான் வரும். ‘நெக்ஸ்ட்’ (ஒரு வரி ஓட்டு) ஒருமுறை அடித்துவிட்டுப் பாருங்கள். ஃபங்ஷன் பெயரைத் தப்பாக அடித்தால், பிறகு லோடாகும் லைப்ரரிக்காகக் காத்திருக்கட்டுமா என்று ஜிடிபி கேட்கும். யோசிக்காமல் ‘ஒய்’ அடித்தால் அது ‘பெண்டிங்’ என்று பட்டியலில் கிடக்கும், எங்கேயும் நிற்காது. ‘என்’ அடித்துவிட்டு எழுத்தைச் சரிபாருங்கள்.

வைத்த எல்லாவற்றையும் ‘இன்ஃபோ பிரேக்பாயிண்ட்ஸ்’ காட்டும்: எண், வகை, இயங்குகிறதா, எந்த வரி, இதுவரை எத்தனை முறை தொட்டது. ‘டெலிட் 2’ இரண்டாவதை அழிக்கும். எண் கொடுக்காத வெறும் ‘டெலிட்’, ஒருமுறை கேட்டுவிட்டு அத்தனையையும் அழித்துவிடும். அதனால் ‘டிஸேபிள் 2’ பழகுங்கள். அதற்கு வைத்த நிபந்தனை (அடுத்து வருகிறது) அப்படியே இருக்கும், ‘எனேபிள் 2’ என்றால் திரும்ப வரும். ஒரே ஒரு முறை நின்றால் போதும் என்கிற இடத்துக்கு ‘டிபிரேக்’ (tbreak).

லூப்புக்குள் வெறும் பிரேக்பாயிண்ட் வைத்துவிட்டு ‘கன்டினியூ’வை நூறு முறை தட்டுவதில் பயனில்லை. ‘பிரேக் 42 இஃப் ஐ == 500’ என்று நிபந்தனையோடு வையுங்கள். ஏற்கெனவே வைத்ததற்கு ‘கண்டிஷன் 2 ஐ == 500’. இங்கே ஒற்றைச் சமக்குறி போட்டால் பெரிய வம்பு. ஜிடிபி அதையும் சி மொழியாகவே படித்து ஐ-யில் 500ஐ எழுதிவிடும். நிபந்தனையும் எப்போதும் உண்மையாகும். உங்கள் புரோகிராமில் இல்லாத பிழையை நீங்களே உண்டாக்கித் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

எந்தச் சுற்றில் உடைகிறது என்றே தெரியாதபோது என்ன செய்வது? இதை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள், இன்டர்வியூவில் சொல்லத் தகுந்தது. லூப்பின் உள் வரியில் முதல் பிரேக்பாயிண்டை வைத்து ‘இக்னோர் 1 100000’ கொடுங்கள் (ஒன்றாம் எண் பிரேக்பாயிண்டை லட்சம் முறை கண்டுகொள்ளாதே என்று பொருள்). ‘ரன்’. எங்கும் நிற்காமல் ஓடி செக்மெண்டேஷன் ஃபால்ட்டில் (தொடக் கூடாத மெமரியைத் தொட்டு உடைவதில்) விழும். ‘இன்ஃபோ பிரேக்பாயிண்ட்ஸ்’ பார்த்தால் 7313 முறை தொட்டது என்பதுபோல் ஓர் எண் இருக்கும். இப்போது ‘இக்னோர் 1 7312’ கொடுத்து மறுபடி ‘ரன்’. உடையப்போகும் சுற்றின் வாசலிலேயே நிற்பீர்கள். இரண்டு முறையும் உள்ளீடு ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

டோட்டல் என்ற வேரியபிள் எங்கோ தானாக மாறுகிறது என்றால் ‘வாட்ச் டோட்டல்’ என்று கண்காணிக்கச் சொல்லுங்கள். யார் மாற்றினாலும் நிற்கும்; அர்ரே எல்லை தாண்டி எழுதும் திருட்டு பெரும்பாலும் இதில்தான் மாட்டும். x86 பிராசஸரில் (பெரும்பாலான லேப்டாப்களில் இருப்பது) இதற்கென 4 ரிஜிஸ்டர்தான். அதற்கு மேல் போனாலோ பெரிய ஸ்ட்ரக்ட் முழுவதையும் கண்காணித்தாலோ மிக மெதுவாகிவிடும், அல்லது வைக்கவே முடியாது. லோக்கல் வேரியபிளுக்கு வைத்தது அந்த ஃபங்ஷன் முடிந்ததும் அழிந்துவிடும்.

வீட்டுக்குக் கிளம்பும் நேரமா? ‘சேவ் பிரேக்பாயிண்ட்ஸ்’ என்று அடித்து ஒரு ஃபைல் பெயர் கொடுங்கள்; மறுநாள் ‘சோர்ஸ்’ என்று அதே பெயரைக் கொடுத்தால் எல்லாம் திரும்ப வரும். இடையில் கோடில் வரிகள் கூட்டியிருந்தால் வரி எண்கள் நகர்ந்து தப்பான இடத்தில் நிற்கும்; ஃபங்ஷன் பெயரில் வைத்தவற்றுக்கு அந்தத் தொல்லை இல்லை.

எம்பெடெட் வேலை (சாதனங்களுக்குள் இருக்கும் சிப்களுக்குக் கோட் எழுதுவது) மீது கண் இருந்தால், இத்தனைதான் வைக்கலாம் என்கிற கட்டுப்பாடு இன்னும் முக்கியம். ஃபிளாஷ் மெமரியில் ஓடும் கோடில் வழக்கமான பிரேக்பாயிண்டை எழுத முடியாததால் சிப்பின் சொந்த வசதியைத்தான் நம்ப வேண்டும். கார்டெக்ஸ்-எம்3, எம்4 சிப்களில் அது வழக்கமாக 6. ஏழாவது வேண்டுமென்றால் ஒன்றை எடுத்தாக வேண்டும். கட்டளைகள் அதே ஜிடிபிதான், சிப்போடு இணைக்கும் ‘டார்கெட் ரிமோட்’ மட்டும் கூடுதல்.

அம்மா, உங்களுக்குக் கோடிங் தெரியாவிட்டாலும் ஒன்றைக் கேட்கலாம்: “எந்த வரியில் உடைஞ்சது, அப்போ எந்த வேரியபிள்ல என்ன இருந்தது?” இந்த செமஸ்டர் லேப் முடிவதற்குள் மகன் தயங்காமல் பதில் சொன்னால் கோர்ஸ் தேவையில்லை. அப்போதும் அவருக்கே சேர ஆசை இருந்தால், கட்டணம் செலுத்துவதற்கு முன் அந்த நிறுவனத்தில் கேளுங்கள்: வேறொருவர் எழுதிய, பிழையுள்ள கோடைக் கொடுத்து வகுப்பிலேயே திருத்தச் சொல்வார்களா? இல்லை என்றால் அங்கே சேர்க்க வேண்டாம்.