இரண்டு கேபிள் போட்டும் பாதை ஒன்றுதானா? – கணினிக் கேள்வி பதில்

இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து. எல்லாமே யூனிக்ஸ், லினக்ஸ் சர்வரோடு ஸ்டோரேஜ் பெட்டியை இணைப்பது பற்றியவை. கட்டளைகளைச் சொல்லும் ஒலியிலேயே தமிழில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள், யூனிக்ஸில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு.

ஓசூர் சிப்காட்டிலிருந்து ஒரு வாசகர்: லினக்ஸ் சர்வரில் இரண்டு போர்ட் உள்ள எச்பிஏ கார்டு (ஸ்டோரேஜை இணைக்கும் கார்டு), இரண்டு எஃப்சி (ஃபைபர் சேனல்) ஸ்விட்ச், இரண்டு கன்ட்ரோலர் (டிஸ்குகளை நிர்வகிக்கும் பகுதி) உள்ள ஸ்டோரேஜ். 1 டிபி-யில் ஒரே ஒரு லன்தான் (ஸ்டோரேஜிலிருந்து சர்வருக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்க் பகுதி) போட்டோம். சர்வரில் எஸ்டிபி முதல் எஸ்டிஇ வரை நான்கு டிஸ்க் தெரிகிறது. எஸ்டிபி-யை ஃபார்மட் செய்து மவுன்ட்டும் செய்துவிட்டோம். மற்ற மூன்றை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளலாமா?

எடுக்கவே கூடாது. நான்கும் ஒரே டிஸ்க். கார்டின் ஒவ்வொரு போர்ட்டும் தன் ஸ்விட்ச் வழியாக இரண்டு கன்ட்ரோலரையும் பார்க்கிறது. இரண்டை இரண்டால் பெருக்கினால் நான்கு பாதை. எஸ்டிசி-யிலும் ஃபைல் சிஸ்டம் போட்டால் எஸ்டிபி-யில் இருப்பது அழியும். சந்தேகமிருந்தால் நான்கிலும் ஸ்கஸி (எஸ்சிஎஸ்ஐ) அடையாள எண்ணைப் பாருங்கள், எழுத்து மாறாமல் ஒன்றாகவே இருக்கும்.

நல்ல வேளையாக ஒன்றை மட்டும்தான் தொட்டிருக்கிறீர்கள். டேட்டா எங்கும் போகாது. முதலில் அன்மவுன்ட் செய்யுங்கள். மவுன்ட் ஆகியிருக்கும் பாதையை, பல பாதைகளை ஒரே டிஸ்காகச் சேர்க்கும் மல்டிபாத் மென்பொருள் தன் கைக்குள் எடுக்காது, பலர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பிறகு மல்டிபாத் சர்வீஸை இயக்கி, ‘மல்டிபாத் -எல்எல்’ என்று தட்டினால் எம்பாத்தா என்ற ஒரே பெயரின் கீழ் நான்கு பாதையும் வரிசையாக வரும். இரண்டு பாதைக்கு முன்னுரிமை 50, மற்ற இரண்டுக்கு 10 என்று இருந்தால் பழுது என்று நினைக்காதீர்கள். லன் எந்தக் கன்ட்ரோலரின் பொறுப்பில் இருக்கிறதோ அதன் வழி 50, இன்னொன்றின் வழி 10. பல ஸ்டோரேஜ்களில் அப்படித்தான் இருக்க வேண்டும். இனி எஃப்எஸ்டேபிலும் (மவுன்ட் பட்டியல் கோப்பு) எல்விஎம்மிலும் (டிஸ்க் இடத்தைப் பகிரும் அடுக்கு) எம்பாத்தாவை மட்டும் பயன்படுத்துங்கள். எஸ்டி என்று தொடங்கும் பெயர் ரீபூட்டுக்கு ரீபூட் மாறும். எல்விஎம் ஃபில்டரில் அந்தத் தனிப் பாதைகளை விலக்கிவிட்டு, இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பு) மறுபடி உருவாக்குங்கள். இதை மறந்தால் அடுத்த பூட்டில் எல்விஎம் முந்திக்கொண்டு ஒற்றைப் பாதையைப் பிடித்துக்கொள்ளும்.

பாதை எல்லாம் போனால் என்ன செய்வது என்று சொல்லும் ‘நோ_பாத்_ரீட்ரை’ அமைப்பையும் கையோடு பார்த்துவிடுங்கள். அதில் ‘க்யூ’ என்று இருந்தால், நான்கு பாதையும் அறுந்த அன்றைக்குச் சர்வர் அப்படியே உறைந்து நிற்கும். கில் செய்தாலும் சாகாது, ரீபூட்டும் தொங்கும். தனியாக நிற்கும் சர்வருக்கு 12 என்று கொடுங்கள். 5 நொடிக்கு ஒரு முறை சோதிக்கும் அமைப்பில் அது சுமார் ஒரு நிமிடப் பொறுமை. கிளஸ்டருக்கு (ஒன்று போனால் மற்றது வேலையை ஏற்கும் சர்வர் கூட்டம்) ‘ஃபெயில்’, அதாவது காத்திராமல் உடனே பிழை.

உண்மையான டேட்டா ஏறுவதற்கு முன் ஒரு சோதனை. ஒரு பெரிய கோப்பைக் காப்பி செய்ய விட்டுவிட்டு, ஒரு ஃபைபரைப் பிடுங்குங்கள். சில நொடி முதல் அரை நிமிடம் வரை எழுதுவது நின்று, பிறகு ஓட வேண்டும். திரும்பச் செருகி, நான்கு பாதையும் மறுபடி ஆக்டிவ் ஆனபிறகே அடுத்ததைப் பிடுங்குங்கள். கடைசியாக ஒரு ஸ்விட்சையே அணைத்துப் பாருங்கள். இரண்டு கேபிளும் தவறுதலாக ஒரே ஸ்விட்சில் செருகியிருந்தால் அந்த நிமிடம் தெரிந்துவிடும், திரையில் நான்கு பாதை காட்டிக்கொண்டிருந்தாலும்.

கிருஷ்ணகிரி வாசகர்: ஸ்விட்சில் ஜோன் (எந்தச் சர்வர் எந்த ஸ்டோரேஜைப் பார்க்கலாம் என்ற பிரிவு) போட்டாயிற்று, ஸ்டோரேஜில் லன் கொடுத்தாயிற்று. சர்வரில் ஒன்றும் தெரியவில்லை. எங்கே தேடுவது?

கீழிருந்து மேலே ஏறுங்கள், நடுவில் குதிக்காதீர்கள்.

முதலில் லிங்க் விளக்கு. எரியவில்லையென்றால் ஃபைபர் கேபிளின் எல்சி வகை முனையில் இரண்டு இழையும் இடம் மாறியிருக்கலாம். ஒரு பக்கம் கிளிப்பைக் கழற்றி மாற்றிச் செருகிப் பாருங்கள். அடுத்தது கேபிளின் நிறம். வெளிர்நீல ஓஎம்3 கேபிளில் 8 ஜி (கிகாபிட்) வேகம் 150 மீட்டர் போகும், 16 ஜி 100 மீட்டர். பழைய ஆரஞ்சு நிற ஓஎம்1 கேபிளில் அதே 8 ஜி 21 மீட்டரோடு நின்றுவிடும். கிரானைட் பட்டறைக்குப் பக்கத்தில் சர்வர் அறை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அங்கே தூசிதான் முதல் எதிரி. கேபிளைக் கழற்றினால் கையோடு மூடி போட வேண்டும், செருகுமுன் ஃபைபர் துடைக்கும் பேனாவால் முனையைத் துடைக்க வேண்டும். வாயால் ஊதினால் ஈரம் ஒட்டிக்கொள்ளும். ஃபைபர் முனையைக் கண்ணால் பார்க்க வேண்டாம், 850 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உள்ளே போகும்.

விளக்கு எரிந்தால், ஸ்விட்சில் உள்நுழைந்த போர்ட்களின் பட்டியலைப் பாருங்கள். சர்வரின் 16 இலக்கப் போர்ட் எண் அங்கே இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் ஜோனில் போட்டதாக எழுதியிருக்கும் எண் 20 என்று தொடங்குகிறது. கோளாறு இங்கேதான் இருக்கும் போலிருக்கிறது. க்யூலாஜிக் நிறுவனத்தின் கார்டில் 20 என்று தொடங்குவது நோட் எண், 21 என்று தொடங்குவது போர்ட் எண். ஜோனுக்கும் ஸ்டோரேஜில் ஹோஸ்ட் பதிவுக்கும் வேண்டியது போர்ட் எண். ஸ்டிக்கரைப் பார்த்து எழுதாதீர்கள், 8-ஐ பி என்று எழுதிவிடுவீர்கள். ஸ்விட்சின் பட்டியலிலிருந்து அப்படியே காப்பி செய்யுங்கள்.

ஒரு ஜோனுக்குள் ஒரே ஒரு சர்வர் போர்ட், அதற்குரிய ஸ்டோரேஜ் போர்ட்கள், அவ்வளவுதான். எல்லாச் சர்வரையும் ஒரே ஜோனில் கொட்டினால் ஒன்று ரீபூட் ஆகும்போது மற்றவற்றுக்கும் அதிர்வு போகும். ஜோனை எழுதினால் மட்டும் போதாது, அது இருக்கும் கான்ஃபிகை (ஜோன்களின் தொகுப்பு) எனேபிளும் செய்ய வேண்டும். ஸ்டோரேஜில் ஹோஸ்ட் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். சோலாரிஸ் சர்வருக்கு விண்டோஸ் என்று விட்டால் டிஸ்க் தெரியும், பாதை மாறும் அன்றைக்குக் காலை வாரும்.

கடைசியாகச் சர்வரை மறுபடி தேடச் சொல்லுங்கள். லினக்ஸில் ‘ரீஸ்கேன்-ஸ்கஸி-பஸ்’ ஸ்கிரிப்ட். சோலாரிஸில் ‘சிஎஃப்ஜிஏட்எம் -ஏஎல்’, பிறகு ‘டெவ்எஃப்எஸ்ஏட்எம்’. ஏஐஎக்ஸில் ‘சிஎஃப்ஜிஎம்ஜிஆர்’. எச்பி-யூஎக்ஸில் ‘ஐஓஸ்கேன்’, அதன்பின் ‘இன்எஸ்எஃப் -இ’. ரீபூட் தேவையில்லை.

காவேரிப்பட்டணம் மாங்கூழ் ஆலையிலிருந்து: 4 டிபி, 7200 சுற்று டிஸ்க் 12 போட்டு ரெய்டு 5 (பல டிஸ்கை ஒன்றாகச் சேர்த்து, ஒன்று போனாலும் டேட்டா தப்பும் முறை) வைத்திருக்கிறோம். போன வாரம் கரண்ட் போய் வந்ததிலிருந்து டேட்டாபேஸ் ஊர்கிறது. பார்த்தால் எந்த டிஸ்கும் பழுதில்லை. சீசன் நேரம், லாரி வரிசையில் நிற்கிறது.

டிஸ்கை விடுங்கள், கன்ட்ரோலர் பேட்டரியைப் பாருங்கள். கன்ட்ரோலர் தன் நினைவகத்தில் (கேஷ்) எழுத வேண்டிய டேட்டாவை வாங்கிக்கொண்டு, உடனே ‘முடிந்தது’ என்று சர்வரிடம் சொல்லும். கரண்ட் போனால் அந்த நினைவகத்தைக் காப்பது பேட்டரி. பேட்டரி செத்துவிட்டால், அல்லது நீண்ட மின்வெட்டுக்குப் பின் இன்னும் சார்ஜ் ஏறாமல் இருந்தால், கன்ட்ரோலர் பயந்து ரைட்-த்ரூ முறைக்குப் போய்விடும். எழுதும் ஒவ்வொன்றும் டிஸ்கைத் தொட்டபின்தான் பதில். கன்ட்ரோலர் நிலைப் பக்கத்தில் பேட்டரி, கேஷ் இரண்டும் என்ன நிலையில் இருக்கின்றன என்று பாருங்கள். சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தால் சில மணி நேரம் பொறுங்கள். செத்திருந்தால் மாற்றுங்கள். பேட்டரி இல்லாமலேயே ரைட்-பேக்கை (முன்கூட்டியே ‘முடிந்தது’ என்று சொல்லும் முறை) வலுக்கட்டாயமாக ஆன் செய்யும் வசதியும் இருக்கும். அதைத் தொடாதீர்கள். வேகம் வரும், அடுத்த மின்வெட்டில் டேட்டாபேஸ் போகும்.

பேட்டரி சரியானாலும் இந்த அமைப்பு டேட்டாபேஸுக்குப் பொருந்தாது. கணக்குப் பாருங்கள். இந்த வகை டிஸ்க் ஒன்று நொடிக்குச் சுமார் 75 வேலை செய்யும், 12 டிஸ்குக்கு 900. ரெய்டு 5-இல் ஒரு முறை சின்னதாக எழுத, பழைய டேட்டாவைப் படி, பழைய பாரிட்டியை (போன டிஸ்கை மீட்க உதவும் கணக்கு) படி, இரண்டையும் புதிதாக எழுது என்று நான்கு வேலை. ஆக, நொடிக்கு 225 முறைதான் எழுத முடியும். ரெய்டு 6-இல் ஆறு வேலை, 150. ரெய்டு 10-இல் இரண்டே வேலை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒரு டிஸ்க் போனால் மீதி 11 டிஸ்கையும் முழுவதும், 44 டிபி, படித்துத்தான் புதியதை நிரப்ப வேண்டும். நொடிக்கு 100 எம்பி என்றாலும் 4 டிபி எழுத 11 மணி நேரம், அதுவும் ஆலை சும்மா இருந்தால். சீசனில் இரண்டு நாள் ஆகலாம். அதற்குள் இன்னொரு டிஸ்கில் படிக்க முடியாத ஓர் இடம் வந்தாலே சிக்கல், இன்னொரு டிஸ்க் முழுதாகப் போனால் எல்லாம் போயிற்று. 1988-இல் பெர்க்லியில் ரெய்டை முன்வைத்தவர்கள் அதன் பெயரில் ‘மலிவான’ டிஸ்க் என்றே வைத்தார்கள், பிறகுதான் அந்தச் சொல் ‘தனித்தனியான’ என்று மாறியது. டிஸ்க் மலிவானதுதான், காத்திருக்கும் நேரம் அப்படியல்ல.

சீசன் முடிந்ததும் பேக்கப் எடுத்துவிட்டு மாற்றுங்கள். 10 டிஸ்க் ரெய்டு 10, இரண்டு ஹாட் ஸ்பேர் (ஒன்று பழுதானால் தானாக இடம் பிடிக்கும் உபரி டிஸ்க்). கிடைப்பது 20 டிபி, நொடிக்கு 375 முறை எழுதலாம். இடம் போதாதென்றால் 11 டிஸ்கில் ரெய்டு 6, ஒரு ஸ்பேர், 36 டிபி. ஆனால் டேட்டாபேஸை மட்டும் தனியாக ஒரு ஜோடி எஸ்எஸ்டி-க்கு நகர்த்திவிடுங்கள்.

பாலக்கோடு வாசகர்: 3 டிபி லன் கொடுத்தால் 2 டிபி-க்கு மேல் பார்ட்டிஷன் போட முடியவில்லை.

பழைய எம்பிஆர் பார்ட்டிஷன் அட்டவணை 32 பிட் எண்ணில் செக்டரை எண்ணுகிறது. 512 பைட் செக்டர் என்றால் அது 2 டிபி-யோடு முடிந்துவிடும். புதிய வகை அட்டவணையான ஜிபிடி போடுங்கள், சோலாரிஸில் ஈஎஃப்ஐ லேபிள். எல்விஎம்முக்குத்தான் என்றால் பார்ட்டிஷனே வேண்டாம், முழு டிஸ்கிலும் ‘பிவி கிரியேட்’ செய்துவிடலாம். நாளைக்கு லன்னைப் பெரிதாக்கும்போது ஒரு படி குறையும். பெரிதாக்குவது சுலபம், எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தைச் சின்னதாக்க மட்டும் நடைமுறையில் வழியில்லை. ஆகவே முதலிலேயே அள்ளிக் கொடுக்காதீர்கள்.

தர்மபுரி வாசகர்: ஐஸ்கஸி (நெட்வொர்க் வழியாக இணையும்) ஸ்டோரேஜில் லாகின் ஆகிறது, சின்னக் கோப்பு போகிறது. பெரிய கோப்பு காப்பி செய்தால் தொங்கிவிடுகிறது.

எம்டியு (ஒரு நெட்வொர்க் பொட்டலத்தின் உச்ச அளவு, பைட்டில்) பொருந்தவில்லை. சர்வரிலும் ஸ்டோரேஜிலும் 9000 வைத்துவிட்டு நடுவிலுள்ள ஸ்விட்சை 1500-இல் விட்டிருப்பீர்கள். துண்டாக்காமல் 8972 பைட்டில் பிங் செய்து பாருங்கள், தலைப்பு 28 பைட் சேர்ந்து சரியாக 9000. அது போகாதவரை ஸ்விட்சின் ஒவ்வொரு போர்ட்டையும் சோதியுங்கள். முடியாவிட்டால் எல்லா இடத்திலும் 1500-க்கே திரும்புங்கள், இழப்பு கொஞ்சம்தான்.

அரூர் வாசகர்: இரவில் மின்வெட்டு வந்தால், காலையில் சர்வர் எமர்ஜென்சி மோடில் நிற்கிறது. ஸ்டோரேஜ் நன்றாகத்தான் ஓடுகிறது.

சர்வர் முந்திக்கொள்கிறது. கன்ட்ரோலர் எழுந்து லன்களைக் காட்டச் சில நிமிடம் ஆகும், அதற்குள் சர்வர் பூட் ஆகி மவுன்ட் தேடித் தோற்கிறது. ஏற்றும் வரிசை: ஸ்விட்ச், அதன்பின் டிஸ்க் ஷெல்ஃப்கள், அவற்றின் விளக்குகள் நிலைத்தபின் கன்ட்ரோலர், அது ‘ரெடி’ சொன்னபின் சர்வர். இறக்கும்போது தலைகீழாக. பயாஸில் ‘மின்சாரம் வந்ததும் தானாக எழு’ என்பதைச் சர்வருக்கு மட்டும் அணைத்துவிடுங்கள். எஃப்எஸ்டேபில் அந்த வரிக்கு ‘நோஃபெயில்’ சேர்த்தால் எமர்ஜென்சியில் நிற்காது. ஐஸ்கஸி என்றால் ‘_நெட்டெவ்’வும் சேருங்கள். நோஃபெயில் போட்டால் ஒரு எச்சரிக்கை: லன் வராத நாளில் டேட்டாபேஸ் காலி ஃபோல்டரில் எழுத ஆரம்பித்துவிடக் கூடாது. மவுன்ட் ஆனதா என்று பார்த்தபின்தான் டேட்டாபேஸ் எழும்படி சர்வீஸில் நிபந்தனை வையுங்கள்.

ஸ்டோரேஜ் பெட்டியின் இரண்டு பவர் சப்ளையும் இரண்டு தனி யுபிஎஸ்ஸுக்குப் போகட்டும். ஒன்று போனால் மற்றது முழுச் சுமையும் தாங்க வேண்டும், ஆகவே ஒவ்வொன்றிலும் பாதிக்கு மேல் ஏற்றாதீர்கள்.

பென்னாகரம் வாசகர்: கல்லூரியில் ஒரு பழைய சன் சர்வர், 68 பின் ஸ்கஸி டிஸ்க் பெட்டி. சில டிஸ்க் வந்து வந்து போகிறது.

மூன்றே விஷயம். கேபிளின் இரு முனையிலும் டெர்மினேட்டர் (முனையை முடித்துவைக்கும் செருகி) இருக்கிறதா, நடுவில் எங்கும் இல்லையே? இரண்டு டிஸ்குக்கு ஒரே ஐடி இல்லையே? (7 பெரும்பாலும் சர்வர் கார்டுக்கு, அதை யாருக்கும் கொடுக்க வேண்டாம்.) பெட்டியின் பின்னால் எச்விடி (உயர் மின்னழுத்த ஸ்கஸி வகை) என்று எழுதியிருக்கிறதா? அப்படியானால் உடனே கழற்றுங்கள், எல்விடி (தாழ் மின்னழுத்த வகை) கார்டில் எச்விடி பெட்டியை மாட்டினால் கார்டே போகக்கூடும். இவை மூன்றும் சரி என்றால் கேபிளை மாற்றுங்கள், பின் ஒன்று வளைந்திருக்கும்.